ஆங்கில வழி மருத்துவப் படிப்பு: மாணவர்களுக்குத் திருப்தியா? 200 வருஷக் கதை (நீண்ட இழை)

1/
உங்க வீட்டிலோ தெருவிலோ எம்பிபிஎஸ் முதல் வருஷம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தா ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. முதல் கேள்வி: "பாடம் எல்லாம் இங்கிலீஷ்லதான் நடத்துறாங்களே, உனக்கு ஓகேவா?" பெரும்பாலும் பதில் இப்படித்தான் வரும்: "ஓகேதான், அதானே வேணும்." ரெண்டாவது கேள்வி: "நேத்து நடத்தின பாடத்துல எவ்வளவு புரிஞ்சுது?" இங்கதான் கொஞ்சம் இழுப்பாங்க.

2/
ரெண்டு பதிலும் உண்மைதான். முதல் கேள்வி பிழைப்பைப் பத்தினது, ரெண்டாவது படிப்பைப் பத்தினது. நாம காலங்காலமா முதல் கேள்வியை மட்டும் கேட்டுட்டு, "மாணவர்களுக்குத் திருப்தி" என்று எழுதி ஃபைலை மூடிடுறோம். இந்தப் பழக்கத்துக்கு 200 வருஷ வரலாறு இருக்கு. அதுல தமிழுக்கும் ஒரு பெரிய அத்தியாயம் இருக்கு. நேரம் ஒதுக்கிப் படிங்க.

3/
கதை கல்கத்தாவுல ஆரம்பிக்குது. 1822-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்க "நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன்" என்று ஒரு பள்ளியைத் தொடங்குச்சு. பட்டாளத்துல வெள்ளைக்கார டாக்டர்களுக்கு உதவியாளர்கள் தேவைப்பட்டாங்க. பாடமொழி இந்துஸ்தானி. பீட்டர் பிரெட்டன், ஜான் டைட்லர் மாதிரி ஆங்கிலேய டாக்டர்களே ஐரோப்பிய மருத்துவத்தை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவர உழைச்சாங்க.

4/
அடுத்த சில வருஷத்துல கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் மருத்துவ வகுப்பு வந்துச்சு. ஆக, 1820-களில் ஐரோப்பிய மருத்துவத்தை இந்திய மாணவர் தனக்குப் பழகின மொழியில படிக்க வழி இருந்தது. குறையும் இருந்தது. மனித உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கிற முறை அங்க இல்லை. உடற்கூறு தெரியாம அறுவை சிகிச்சை பழக முடியாது.

5/
1833-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு ஒரு குழு போட்டார். பழைய முறையை வெச்சுக்கலாமா, புதுசா ஒண்ணு தொடங்கலாமான்னு அது பார்க்கணும். டைட்லர் இந்திய மொழிகளுக்காக வாதாடினார். குழு ஏத்துக்கலை. மருத்துவ அறிவு முழுக்க ஆங்கிலப் புத்தகத்துல இருக்கு, ஆகவே மாணவன் ஆங்கிலத்துக்கு வரட்டும் என்ற பக்கமே முடிவு போச்சு.

6/
1835 ஜனவரி 28. பெண்டிங்க் கையெழுத்துல ஆணை வந்தது. பழைய பள்ளியும் சமஸ்கிருத, மதரசா மருத்துவ வகுப்புகளும் மூடப்பட்டன. ஆங்கில வழியில கல்கத்தா மருத்துவக் கல்லூரி பிறந்தது. எல்லாத்துக்கும் மெக்காலே காரணம்னு சொல்லிப் பழகிட்டோம், இல்லையா? அவரோட புகழ்பெற்ற கல்விக் குறிப்பின் தேதி பிப்ரவரி 2. மருத்துவத்துல முடிவு 5 நாள் முன்னாடியே வந்தாச்சு.

7/
இன்னொரு தகவல். அதே 1835 பிப்ரவரி 2-ம் தேதிதான் சென்னையில மருத்துவப் பள்ளி தொடங்கினது. அதுதான் 1850-ல் கல்லூரியாகி, இன்னைக்கு சென்னை மருத்துவக் கல்லூரியா நிக்குது. அங்கயும் ஆங்கில வழிதான்.

8/
"ஐயோ, திணிச்சுட்டாங்களே!" என்று தோணுதா? கொஞ்சம் பொறுங்க. கல்கத்தாவுல ஆங்கிலக் கல்வி வேணும்னு கேட்டவங்கள்ல உள்ளூர்ப் பெரியவங்க நிறைய பேர். 1817-லேயே இந்து கல்லூரியைத் தொடங்கினது அவங்கதான். 1823-ல் ராஜா ராம்மோகன் ராய், சமஸ்கிருதப் பள்ளிக்குச் செலவு பண்ற காசுல எங்க பசங்களுக்குக் கணக்கும் வேதியியலும் உடற்கூறும் சொல்லிக் கொடுங்கன்னு கவர்னர் ஜெனரலுக்குக் கடிதமே எழுதினார்.

9/
பலனும் கிடைச்சுது. 1836-ல் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தத் துணிஞ்சார். 1845-ல் நாலு மாணவர்கள் மேல்படிப்புக்குக் கப்பல் ஏறி லண்டன் போனாங்க. அதுல ஒருத்தர் சூர்ஜோ கூமர் சக்கர்பட்டி. 1855-ல் போட்டித் தேர்வு எழுதி இந்திய மருத்துவப் பணிக்குள்ள நுழைஞ்ச முதல் இந்தியர். அந்தப் பசங்ககிட்ட "ஆங்கில வழி திருப்தியா?" என்று கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?

10/
ஆனா ஒரு சிக்கல் உடனே தலைதூக்குச்சு. ஆங்கிலம் தெரிஞ்ச பசங்க கொஞ்சப் பேர். நோயாளிகளோ கோடிக்கணக்கில். ஆணை போட்டு நாலே வருஷத்துல, 1839-ல், அதே கல்லூரிக்குள்ள இந்துஸ்தானி வகுப்பைத் திரும்பத் திறந்தாங்க. 1852-ல் வங்காளி வகுப்பு. அதுல கூட்டம் பெருகி, 1873-ல் சியால்டாவுக்குத் தனிப் பள்ளியா மாத்த வேண்டி வந்தது. இன்றைய நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி அதன் வாரிசு.

11/
இப்ப கவனிங்க. ஒரே வளாகம். ஆங்கிலத்துல படிச்சா சப்-அசிஸ்டண்ட் சர்ஜன். இந்துஸ்தானியிலோ வங்காளியிலோ படிச்சா "நேட்டிவ் டாக்டர்". சம்பளம் வேற, மரியாதை வேற, உட்காரும் நாற்காலி வேற. எலும்பு அதே 206, காய்ச்சல் அதே காய்ச்சல். மொழி மட்டும் சம்பள ஸ்கேல் ஆயிடுச்சு.

12/
இந்த நிலைமையில எந்த அப்பா அம்மா தன் பிள்ளையைத் தாய்மொழி வகுப்புல சேர்ப்பாங்க? ஆங்கில வகுப்புல இடம் கிடைக்காதவங்கதான் அங்க போவாங்க. கொஞ்ச நாள்ல "தாய்மொழியில படிச்சவன் மட்டமான டாக்டர்" என்ற பேச்சும் தானா வந்துடும். மொழிக்குள்ள எந்தக் குறையும் இருக்க வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலே போதும்.

13/
சரி, நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் வட்டுக்கோட்டையில ஒரு செமினரி தொடங்கினாங்க. ஆங்கில வழியில உயர்கல்வி. கணிதம், வானியல் எல்லாம் நடந்தது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்க படிச்சவங்கதான்.

14/
அவ்வளவு பெயர் வாங்கின செமினரியை 1855-ல் மூடிட்டாங்க. மூடினது மிஷனே. பாஸ்டன்ல இருந்து வந்த மேலிடத் தூதுக்குழு பார்த்த கணக்கு இதுதான்: பசங்க ஆங்கிலம் படிக்கிறாங்க, அரசாங்க வேலைக்குப் போயிடுறாங்க, சமய ஊழியத்துக்கு யாரும் நிக்கிறதில்லை. மாணவர்களுக்கு ஆங்கிலத்துல முழுத் திருப்தி. காசு போட்டவங்களுக்குத்தான் இல்லை.

15/
இந்த யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் வந்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர்காரர். வந்தப்போ வயசு 25. 1848-ல் மானிப்பாயில மருத்துவமனை நடத்தி, கூடவே மாணவர்களுக்கு மருத்துவமும் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். முதல்ல ஆங்கிலத்துலதான் நடத்தினார்.

16/
சில வருஷத்துல அவர் ஒண்ணைக் கவனிச்சார். ஆங்கிலத்துல படிச்சு முடிச்ச பசங்க அரசாங்க உத்தியோகத்துக்கு வெளியூர் போயிடுறாங்க. மானிப்பாயைச் சுத்தியிருக்கிற கிராமத்துல பிரசவம் பார்க்கவோ, காலராவுல கிடக்கிறவங்களைக் கவனிக்கவோ ஆள் இல்லை. நடை உடை மாறி, சொந்த ஊரே அந்நியமாகிற மாதிரி ஆயிடுதுன்னு அவருக்கு வருத்தம்.

17/
அவர் எடுத்த முடிவு இன்னைக்கு யோசிச்சாலும் பிரமிப்பு. மருத்துவம் முழுக்கத் தமிழ்ல. அவரே தமிழ் படிச்சார். மாணவர்களைச் சேர்த்துக்கிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார். "இரண வைத்தியம்" 1867-ல் வந்தது, அறுவை சிகிச்சை. "மனுஷ அங்காதிபாதம்" 1872-ல், உடற்கூறு. "வைத்தியாகரம்" அதே 1872-ல், பொது மருத்துவம். "கெமிஸ்தம்" 1875-ல், வேதியியல்.

18/
மொத்தம் 4000 பக்கத்துக்கு மேல. கலைச்சொல்லுக்கு ஒரு ஒழுங்கு வெச்சிருந்தார். தமிழ்ல சொல் இருந்தா அது. இல்லன்னா சமஸ்கிருதம். அதுவும் சரிவரலைன்னா ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு மாத்திக்கிறது. "கெமிஸ்தம்" என்ற பேரே அதுக்குச் சாட்சி. தூய்மைவாதம் பேசாம, நோயாளிக்கும் மாணவனுக்கும் புழங்குமான்னு பார்த்த மனுஷர்.

19/
அவர்கிட்ட படிச்சு டாக்டர் ஆனவங்க 60 பேருக்கு மேல. ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ் வழி. 1873-ல் அமெரிக்கா திரும்பின பிறகும் கையெழுத்துப் படிகளைத் திருத்திக்கிட்டே இருந்தார். உடலியங்கியல் நூலான "மனுஷ சுகரணம்" 1883-ல் வந்தது. 1884-ல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று கல்லறையில எழுதச் சொன்னவர்.

20/
இப்ப கஷ்டமான பகுதி. இவ்வளவு உழைச்ச கிரீனோட தமிழ் வழி ஏன் தொடரலை? 1870-ல் கொழும்புல அரசாங்கமே ஆங்கில வழியில மருத்துவப் பள்ளி திறந்துடுச்சு. அரசு வேலைக்கு அதுதான் நேர் ரோடு. 1872-ல் வட்டுக்கோட்டையில யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. ஆங்கில உயர்கல்வி திரும்ப வேணும்னு ஊர்க்காரங்களும் பழைய மாணவர்களும் கேட்டு வாங்கினது அது.

21/
யாழ்ப்பாணத்து அப்பா அம்மாக்கள் தமிழை வெறுத்தவங்களா? அதே காலத்துல அதே மண்ணுலதான் ஆறுமுக நாவலர் தமிழ் நூல்களை அச்சுல ஏத்திக்கிட்டிருந்தார். தாமோதரம்பிள்ளை பின்னாள்ல தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் பதிப்பிச்சார். தமிழ் மேல உயிரையே வெச்சிருந்த சமூகம், பிள்ளையோட சம்பளம்னு வந்தப்போ ஆங்கிலத்தைக் கேட்டுச்சு. அவங்க கணக்கு தப்பும் இல்லை.

22/
கிரீன் பாடப்புத்தகத்தைத் தமிழாக்கினார், வகுப்பைத் தமிழாக்கினார். வேலையைத் தமிழாக்குற அதிகாரம் அவர் கையில இல்லை. "நீ கிராமத்துலயே இரு" என்று சொல்ற தமிழ் வழியும், "நீ எங்க வேணா போகலாம்" என்று சொல்ற ஆங்கில வழியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, இருபது வயசுப் பையன் எதை எடுப்பான்?

23/
இதே சமயத்துல இன்னொரு ஆசிய நாடு இதே கணக்கைப் போட்டுச்சு. ஜப்பான். மேற்கத்திய உடற்கூறு நூல் ஒண்ணை சுகிதா கென்பாகுவும் நண்பர்களும் டச்சு மொழியில இருந்து 1774-லேயே ஜப்பானிய அறிஞர்கள் படிக்கும்படி பெயர்த்துட்டாங்க. நரம்புக்கு அவங்க உண்டாக்கின "ஷின்கேய்" என்ற சொல் இன்னைக்கும் அங்க புழக்கத்துல இருக்கு.

24/
மெய்ஜி அரசாங்கம் ஜெர்மன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1871-ல் ரெண்டு ஜெர்மன் ராணுவ டாக்டர்கள் டோக்கியோ வந்தாங்க. 1876-ல் எர்வின் பேல்ஸ் வந்தார். பாடம் முழுக்க ஜெர்மன்ல. முதல்ல மொழியைப் படி, அப்புறம் மருத்துவம் படி. பின்னாள்ல பெரிய நாவலாசிரியரான மோரி ஓகாய் அந்த வழியில படிச்சு 1881-ல் பட்டம் வாங்கினவர்.

25/
அங்கயும் நாட்டுக்கு வேண்டிய அளவு டாக்டர்கள் கிடைக்கலை. அதனால பக்கத்துலயே ஜப்பானிய மொழியில குறுகிய கால வகுப்பு ஒண்ணு நடத்தினாங்க. கல்கத்தா மாதிரியே இருக்கு, இல்லையா? ஆனா அடுத்த அடி வேற மாதிரி. ஜெர்மன்ல படிச்ச நல்ல மாணவர்களை ஜெர்மனிக்கு அனுப்பி, திரும்பி வந்தவங்களைப் பேராசிரியர் ஆக்கினாங்க. அவங்க மெல்ல மெல்ல ஜப்பானிய மொழியில பாடம் நடத்தினாங்க.

26/
வேத்து மொழியை ஏணியா வெச்சு ஏறினாங்க. ஏறின பிறகு மேல வந்தவங்க கீழ இருக்கிறவங்களுக்குத் தங்கள் மொழியில கை கொடுத்தாங்க. இன்னைக்கும் ஜப்பான் ஆஸ்பத்திரியில நோயாளியின் கேஸ் ஷீட்டுக்கு "கருதே" என்றுதான் பேர். ஜெர்மன் சொல். அந்த ஏணியோட ஒரு படி இன்னும் அங்க கிடக்கு.

27/
ஜப்பானுக்கும் மானிப்பாய்க்கும் என்ன வித்தியாசம்? மொழியோட தகுதி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஜப்பான்ல அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் வேலையும் ஜப்பானிய மொழியில இருந்தது. தன் மொழியில படிச்சா தன் ஊர்ல சம்பளம். கிரீனோட மாணவனுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

28/
"இந்தியாவுல யாரும் முயற்சி பண்ணலையா?" பண்ணாங்க. 1918-ல் ஹைதராபாத் நிஜாம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். தனி மொழிபெயர்ப்புத் துறை வெச்சு மருத்துவம் வரைக்கும் உருதுல. ஆங்கிலம் கட்டாயப் பாடம், பாடமொழி உருது. அங்கயும் ஒரு முரண்: சமஸ்தானத்துல பெரும்பாலான ஜனங்க வீட்டுல பேசினது தெலுங்கு, மராத்தி, கன்னடம். 1948-க்கு அப்புறம் உருது வழி போயிடுச்சு.

29/
தமிழ்நாட்டுல 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில தொடங்குச்சு. அதே வருஷம் தமிழ் வழியில படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமைச் சட்டமும் வந்தது. கிரீன் கையில இல்லாத கருவி இது. ஆனா தனியார் கம்பெனி இன்டர்வியூ ஆங்கிலத்துல இருக்கிற வரைக்கும், மாணவன் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் போடுவான்.

30/
இதுவரைக்கும் முதல் கேள்வி: "ஆங்கில வழி வேணுமா?" 1817-ல இருந்து மாணவனும் பெற்றோரும் பெரும்பாலும் "வேணும்" என்றுதான் சொல்லியிருக்காங்க. அதை யாரும் பிடுங்கக் கூடாது. இப்ப ரெண்டாவது கேள்விக்கு வருவோம். வகுப்புக்குள்ள என்ன நடக்குது?

31/
இதுக்கு ஸ்வீடன் போகணும். அங்க மாணவர்களுக்கு ஆங்கிலம் நம்மைவிட நல்லாவே வரும். ஜான் ஏரி, செட்ரிக் லிண்டர் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இயற்பியல் மாணவர்கள் இருபது சொச்சம் பேரை எடுத்துக்கிட்டாங்க. 2006-ல் வெளியான ஆய்வு. அந்த மாணவர்கள் ஒரே சமயத்துல சில பாடங்களை ஸ்வீடிஷ்லயும் சில பாடங்களை ஆங்கிலத்துலயும் படிச்சவங்க.

32/
"மொழியால ஏதாவது வித்தியாசம் இருக்கா?" என்று பொதுவா கேட்டாங்க. பெருசா ஒண்ணும் இல்லைன்னு பதில் வந்தது. அப்புறம் அவங்க உட்கார்ந்திருந்த வகுப்பையே வீடியோவா போட்டுக் காட்டி, "இந்த நிமிஷம் என்ன நடந்தது?" என்று கேட்டாங்க. அப்பதான் விஷயம் வெளிய வந்தது.

33/
ஆங்கில வகுப்புல அவங்க கேள்வி கேட்கிறது குறைஞ்சிருந்தது. பதில் சொல்றதும் குறைஞ்சிருந்தது. நோட்ஸ் எடுத்தா பாடம் நழுவுது, பாடத்தைக் கவனிச்சா நோட்ஸ் நழுவுது. சிலர் இதைச் சமாளிக்க முன்கூட்டியே படிச்சுட்டு வந்தாங்க, சிலர் வகுப்புல வெறுமனே எழுதிக்கிட்டு வீட்டுல போய்ப் புரிஞ்சுக்கப் பார்த்தாங்க. சின்ன ஆய்வுதான். ஆனா "திருப்தி" என்ற பதிலுக்கு அடியில என்ன இருக்குன்னு காட்டின ஆய்வு.

34/
ஸ்வீடன் பசங்களுக்கே இப்படின்னா, பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில படிச்சுட்டு, திடீர்னு உடற்கூறு வகுப்புல உட்கார்ற பிள்ளையை நினைச்சுப் பாருங்க. 2020-ல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்கள்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்துச்சு. கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டாங்க. நம்ம காலத்துல நடந்த பெரிய விஷயம் அது.

35/
அவங்க உள்ள வந்தாச்சு. கதவு திறந்ததோட நம்ம வேலை முடிஞ்சுதா? ஒவ்வொரு எலும்புலயும் பத்து இருபது பேர். எல்லாம் லத்தீன், கிரேக்கம். அதை விளக்குற வாக்கியம் ஆங்கிலம். பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது சிபிஎஸ்இ-ல படிச்ச பையன். கை தூக்கிக் கேள்வி கேட்டா ஆங்கிலத்துல கேட்கணும். தப்பா கேட்டா சிரிப்பாங்களோன்னு பயம். அதனால கை தூக்கறதில்லை. அந்த மௌனத்தை நாம "புரியுது" என்று எடுத்துக்குறோம்.

36/
அப்ப எப்படிப் பாஸ் ஆகுறாங்க? மருத்துவம் படிச்ச யாரையும் கேளுங்க, சொல்வாங்க. ராத்திரி ஹாஸ்டல்ல சீனியர் அண்ணனோ அக்காவோ கையில எலும்பை வெச்சுக்கிட்டுத் தமிழ்ல நடத்துற பாடம்தான். "இங்க பாருடா, இந்த நரம்பு இப்படிச் சுத்திக்கிட்டு கீழ இறங்குது, இங்க அடிபட்டா மணிக்கட்டு தொங்கிடும்." பேர் எல்லாம் ஆங்கிலம், விளக்கம் தமிழ். எந்தப் பாடத்திட்டத்துலயும் இல்லாத கிரீன் பள்ளிக்கூடம் இன்னமும் நம்ம ஹாஸ்டல்கள்ல நடந்துக்கிட்டுதான் இருக்கு.

37/
"அப்போ எல்லாத்தையும் தமிழ்ல மாத்தணும்னு சொல்றீங்களா டாக்டர்?" என்று கேட்பீங்க. இல்லை. முதுநிலை நுழைவுத் தேர்வு ஆங்கிலத்துல இருக்கு. ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்துல வருது. வேலைக்கும் மேல்படிப்புக்கும் வழி பண்ணாம புத்தகத்தை மட்டும் மாத்தினா என்ன ஆகும்னு மானிப்பாய் சொல்லிடுச்சு. மத்தியப் பிரதேசம் 2022-ல் இந்தியில மருத்துவப் பாடநூல்கள் வெளியிட்டப்போ நான் கேட்க நினைச்ச கேள்வியும் அதுதான்: அந்தப் பிள்ளை அடுத்து எங்க போகும்?

38/
"அப்போ ஆங்கிலமே போதும், பசங்க கஷ்டப்பட்டுப் பழகிக்கட்டும்" என்று சொல்றவங்களுக்கு ஸ்வீடன் பதில் சொல்லிடுச்சு. பழகிக்கிறது நடக்கும். அதுக்குள்ள முதல் வருஷம் போயிடும், சிலருக்கு அரியர் விழும், சிலருக்குத் தன்னம்பிக்கையே போயிடும். அறிவு குறைவால தோற்கலை, வாக்கியம் புரியாம தோற்கிறாங்க. ரெண்டுக்கும் மார்க் ஷீட்ல ஒரே எழுத்துதான் விழும்.

39/
செய்யக் கூடியது நிறைய இருக்கு, செலவும் அதிகம் இல்லை. வகுப்புக்கு முந்தின நாளே நோட்ஸ் கொடுத்துடலாம், எழுதுற வேகத்துல பாடம் நழுவாது. கேள்வியை எந்த மொழியிலயும் கேட்கலாம்னு ஆசிரியர் முதல் நாளே சொல்லிடலாம். டிசெக்‌ஷன் டேபிள்ல சின்னக் குழுவா நிக்கும்போது விளக்கம் தமிழ்ல, பெயர் ஆங்கிலத்துல. ஹாஸ்டல்ல நடக்கிறதை வகுப்புக்குள்ள கொண்டுவர்றதுதான்.

40/
2019 பாடத்திட்டத்துல முதல் மாசம் ஃபவுண்டேஷன் கோர்ஸ் வந்துடுச்சு. அதுல மொழிப் பயிற்சியும் ஒரு பகுதி. அதைச் சடங்கா முடிக்காம ஆங்கிலத்தை ஒரு பாடமா, வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கலாம். வருஷக் கடைசியில நிரப்புற கருத்துப் படிவத்துல "பாடம் திருப்தியா?" என்பதுக்குக் கீழ இன்னொரு வரி சேர்க்கலாம்: "இந்தப் பாடத்தில் உங்களுக்குப் புரியாமல் போனது எது?" பேர் எழுத வேண்டாம். தமிழ்ல எழுதலாம்.

41/
இது மாணவர்களோட பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. நாளைக்கு நீங்க அந்த டாக்டர் முன்னாடி உட்காரப் போறீங்க. "கால் மதமதன்னு இருக்கு டாக்டர், செருப்பு கழண்டு விழுந்தாகூட தெரியலை" என்று சொல்வீங்க. "தலை விண்விண்ணு தெறிக்குது", "நடந்தா மேமூச்சு வாங்குது", "நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்பீங்க. இதுல ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி வேற வேற நோய் இருக்கலாம்.

42/
மனப்பாடம் பண்ணின ஆங்கில வாக்கியத்தை மட்டும் வெச்சிருக்கிற டாக்டருக்கு "மதமதப்பு" என்ற சொல்லுக்குள்ள சர்க்கரை நோய் நரம்பைத் தின்னுக்கிட்டிருக்குன்னு தெரிய நேரம் ஆகும். புரிஞ்சு படிச்சவர் உடனே உங்க செருப்பைக் கழட்டிப் பாதத்தைப் பார்ப்பார். நோய் என்னன்னு உங்க மொழியில திருப்பிச் சொல்வார். மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாதுன்னு உங்களுக்கு விளங்கும். கிரீன் 4000 பக்கம் மொழிபெயர்த்ததும் கடைசியில இதுக்காகத்தான்.

43/
ஆகவே, முதலாமாண்டு படிக்கிற பிள்ளைகிட்ட "இங்கிலீஷ் ஓகேவா?" என்று கேட்டு நிறுத்திடாதீங்க. "எது புரியலை?" என்று கேளுங்க. "எல்லாம் புரியுது" என்று சொன்னா, "சரி, எனக்கு ஒண்ணைத் தமிழ்ல சொல்லிக் கொடு" என்று கேளுங்க. சொல்ல முடிஞ்சா நல்லது. திணறினா திட்டாதீங்க. சீனியர் யாரையாவது பிடிச்சு உட்கார வைங்க. ஆசிரியர்கள் இதைப் படிச்சா, நாளைக்கு வகுப்புல ஒரு தடவை தமிழ்ல "கேள்வி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்க. எத்தனை கை எழும்புதுன்னு கீழ எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்.

உபயோகமா இருந்தா கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் பகிருங்க.